கரம் தீர்த்தவர்களுக்கு மட்டும்

ஒவ்வொரு ஆண்டும் மாசி 19-ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து சாமிதோப்பை நோக்கி ஊர்வலம் வருகிறது. திருவிதாங்கூர் அரசு சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்த அய்யா வைகுண்டர் விடுதலையானதை நினைத்து வரும் ஊர்வலம் அது. மறுநாள் அவதாரத் திருநாள், கன்னியாகுமரி மாவட்டத்துக்கே விடுமுறை. தமிழ்நாட்டோடு சேர்ந்த நாளான நவம்பர் 1 வந்தால் நாகர்கோவிலில் மார்ஷல் நேசமணி சிலைக்கு மாலை போடுகிறோம். தேவிகுளம், பீர்மேடு தமிழர்களுக்காக 1954-இல் தடையை மீறிக் கைதானவர் அவர். அதே ஆண்டு ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானவர்களுக்கு இன்றும் அஞ்சலி செலுத்துகிறோம். பூதப்பாண்டி ஜீவா சிறையில் கழித்த ஆண்டுகளை மேடைதோறும் சொல்கிறோம். நேசமணி மறைந்தபின் 1969 இடைத்தேர்தலில் நாம் டெல்லிக்கு அனுப்பிய காமராஜர், 1941-இல் சிறைக்குள் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

சிறைக்குப் போனவர்கள் பெற்றுத் தந்த மாவட்டம் இது. இங்கே இன்று நாகர்கோவில் மாவட்டச் சிறையிலும், நம் பிள்ளைகள் அடைபட்டிருக்கும் பாளையங்கோட்டை மத்தியச் சிறையிலும் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தேர்தல் நாளில் ஓட்டு இல்லை. இதை நாம் ஒரு குறையாகச் சொன்னதில்லை, ஒரு மனுவில் எழுதியதில்லை. ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவரிடமாவது கேட்டோமா என்று யோசித்தால், நினைவுக்கு எதுவும் வரவில்லை. படித்தவர்கள், ஆசிரியர்கள், வக்கீல்கள், எழுதுகிறவர்கள், கோயில் கமிட்டிக்காரர்கள், சபைக் குருமார்கள், சங்கம் வைத்திருப்பவர்கள் என்று நாம் எல்லோரும் சேர்ந்து செய்த புறக்கணிப்பு இது. அதை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

தியாகியும் திருடனும் ஒன்றா என்று சிலருக்குக் கோபம் வரலாம். ஒன்றில்லை. ஆனால் 1954-இல் நம் ஊர் இளைஞர்களைப் பிடித்துப்போன போலீஸ் அவர்களைத் தியாகிகள் என்று எழுதி உள்ளே தள்ளவில்லை. அன்றைய அரசின் ஏட்டில் அவர்களும் குற்றம் சாட்டப்பட்டவர்கள்தான். யார் குற்றவாளி, யார் இல்லை என்பது தீர்ப்பு வந்தபின் தெரிவது. அதுவரைக்கும் ஒருவரிடமிருந்து எதையெல்லாம் பறிக்கலாம் என்பதே இங்கே கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் நம்மில் பலருக்கு இது தெரியாது. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு, 5-ஆவது உட்பிரிவு: சிறையில் அடைபட்டிருக்கும் எவரும், தண்டனை பெற்றவராக இருந்தாலும் வேறு எந்தக் காரணத்துக்காக அடைக்கப்பட்டவராக இருந்தாலும், தேர்தலில் வாக்களிக்க முடியாது. சட்டப்படி போலீஸ் காவலில் இருப்பவரும் முடியாது. ஒரே ஒரு விலக்கு, தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு உண்டு.

இதை நம் ஊர் நடைமுறையில் வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஏழாண்டு தண்டனை கிடைக்கிறது. மேல்முறையீடு செய்து, தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லி ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் ஓட்டுப் போடலாம். இன்னொருவர் அடிதடி வழக்கில் ரிமாண்ட் ஆகி நாகர்கோவில் சிறையில் இருக்கிறார். விசாரணை தொடங்கவே இல்லை, அவர் அடிக்கவே இல்லை என்று நாளைக்குத் தீர்ப்பும் வரலாம். அவர் ஓட்டுப் போட முடியாது. மூன்றாமவர் மீது குண்டாஸ் போட்டுப் பாளையங்கோட்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது தடுப்புக் காவல் என்பதால் அவருக்குத் தபால் ஓட்டு உண்டு. தேர்தல் நடத்தை விதிகளில் அதற்கென்று தனி ஏற்பாடே இருக்கிறது. தடுப்புக் காவலில் இருக்கும் வாக்காளர்களின் பெயர்களை அரசு தேர்தல் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், தபால் ஓட்டுக்கான உறுதிமொழியில் சிறைக் கண்காணிப்பாளர் சான்றொப்பம் இடலாம். மாவட்டத்துக்கே ஆபத்தானவர் என்று ஆட்சியர் கையெழுத்திட்டு அடைத்தவருக்கு உள்ள உரிமை, சின்ன வழக்கில் ஜாமீன் கிடைக்காமல் கிடப்பவருக்கு இல்லை.

குண்டாஸ் கைதிக்கு ஓட்டு இருப்பது சரியானதே. வழக்கு விசாரணை இல்லாமல் ஒருவரை அடைத்துவிட்டு அவருடைய ஓட்டையும் பறித்தால், அரசு தனக்குப் பிடிக்காதவர்களைத் தேர்தலுக்கு முன் உள்ளே தள்ளிவிடலாம் என்ற பயம் சட்டம் எழுதியவர்களுக்கு இருந்திருக்கும். அந்தப் பயம் ரிமாண்ட் கைதி விஷயத்தில் ஏன் வரவில்லை என்பதுதான் எனக்குப் புரியாதது. வெள்ளைக்காரன் காலத்து 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம்கூடத் தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவர்களைத்தான் விலக்கியது. விசாரணைக் கைதியையும் சேர்த்து விலக்கியது சுதந்திர இந்தியா.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல். ஆகவே இந்த உட்பிரிவு ஓட்டைப் பறிப்பது பெரும்பாலும் தண்டனை பெற்றவர்களிடமிருந்து இல்லை, குற்றம் நிரூபிக்கப்படாதவர்களிடமிருந்து.

அவர்கள் ஏன் வெளியே வரவில்லை? இங்கேதான் நம் மாவட்டத்தின் பழைய கதை ஒன்று திரும்பி வருகிறது.

ஜாமீன் உத்தரவு கிடைப்பது பாதி வேலைதான். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். அவர்கள் பெயரில் சொத்து இருக்க வேண்டும், கரம் (நிலவரி) தீர்த்த ரசீது வேண்டும், கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டும். தோவாளைப் பக்கம் வயலும் தோப்பும் வைத்திருப்பவன் வீட்டுப் பையன் மாட்டிக்கொண்டால், மாமனும் சித்தப்பனும் ரசீதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு வந்து நிற்பார்கள். அதே பையன் கடற்கரையில் பிறந்திருந்தால்? தூத்தூர் முதல் ஆரோக்கியபுரம் வரை எத்தனை வீடுகளுக்குப் பட்டா இருக்கிறது? பேச்சிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் குடியிருக்கும் காணிக்காரர் எந்த நிலத்துக்குக் கரம் தீர்ப்பார்? ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், கல்குவாரியில் உடைக்கிறவர், வாடகை வீட்டில் இருக்கும் ஆட்டோக்காரர் இவர்களுக்கு ஜாமீன் நிற்க யார் வருவார்கள்? உத்தரவு கையில் இருந்தும் உள்ளேயே கிடப்பவர்கள் இவர்கள்தான்.

1978-இல் மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு மாஜிஸ்திரேட் அவரிடம் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அவருடைய தம்பியோ அண்ணனோ நிற்க முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்தார். ஏழைக்கு ஜாமீன் எட்டாக்கனியாக இருப்பதை நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தத் தீர்ப்பில் கடுமையாகக் கண்டித்தார். அதற்குப் பின் எத்தனையோ ஆண்டுகள் ஓடிவிட்டன. 2023-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளுக்குள் வெளியே வராதவர்களைச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கவனிக்க வேண்டும் என்று வழிமுறை வகுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஒன்றிய அரசு, ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை உதவும் திட்டம் ஒன்றையும் கொண்டுவந்தது. இப்படி ஒரு திட்டம் இருப்பது நம் மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்களாவது எத்தனை வீடுகளில் போய்ச் சொன்னோம்?

நான் சொன்ன பழைய கதை இதுதான். திருவிதாங்கூரில் 1904-இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு மறு ஆண்டு தேர்தல் வந்தபோது, பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கைநிறையக் கரம் கட்டியவர்களுக்கும், வருமானம் உள்ளவர்களுக்கும், பட்டதாரிகளுக்கும்தான் இருந்தது. நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே சபையும் இருந்தது. 1930-களில் அதை எதிர்த்துத்தான் ஈழவர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் தேர்தலைப் புறக்கணித்து நிவர்த்தனப் போராட்டம் நடத்தினார்கள். அதில் பேசியதற்காக 1935-இல் கைதாகிச் சிறைக்குப் போன சி. கேசவன் பின்னாளில் திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சரானார். 1948-இல் திருவிதாங்கூரில் வயதுவந்த அனைவருக்கும் ஓட்டு வந்தது. முதல் பொதுத் தேர்தலை இந்தியா நடத்துவதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பே, கரம் கட்டாத நம் பாட்டன் பாட்டிமார் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். அந்தத் தேர்தலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களை வென்றது. இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்கு அந்த ஓட்டுகளே அடித்தளம்.

அவ்வளவு பாடுபட்டு வாக்குச்சாவடி வாசலிலிருந்து அகற்றிய கரம் தீர்த்த ரசீது, இன்றைக்குச் சிறை வாசலில் வந்து நிற்கிறது. ரசீது உள்ளவன் வீட்டுப் பிள்ளை வெளியே வந்து ஓட்டுப் போடுகிறான், இல்லாதவன் வீட்டுப் பிள்ளை உள்ளே இருந்துவிடுகிறான். ஒரே வழக்கு, ஒரே எஃப்.ஐ.ஆர்., ஏ1-க்கு ஓட்டு உண்டு, ஏ4-க்கு இல்லை என்ற நிலை வருகிறது. நிவர்த்தனப் போராட்டத்தின் வரலாற்றை நம் பிள்ளைகளுக்குப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தோம். இதை அதோடு சேர்த்துப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை.

பூத் சிலிப் கொடுக்கப் போன நம்மில் பலருக்கு இப்படி ஒரு பேச்சு வாய்த்திருக்கும்.

“எனக்க மவனுக்க சிலிப்பு எங்க மக்கா?”

“அவரு ஜெயில்ல இல்லியா பாட்டி. அங்க இருந்தா ஓட்டு கெடையாது.”

“கேஸு இன்னும் முடியேல்லியே. ஜட்ஜு ஒண்ணும் சொல்லேல்லியே.”

பதில் சொல்லாமல் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தோம். அவர் கேட்டதில் உள்ள நியாயம் நமக்குப் புரியாமல் இல்லை. புரிந்தால் அதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும் என்பதால் நகர்ந்தோம்.

தேர்தல் நேரத்தில் நாம் கேட்பவை எல்லாம் நல்ல கோரிக்கைகள்தான். மீன்பிடித் துறைமுகம், தூண்டில் வளைவு, ஒக்கி புயலில் போனவர்களின் குடும்பத்துக்கு வேலை, நான்குவழிச் சாலை, ரப்பருக்கு விலை, குளங்களைத் தூர்வாருவது. பாதிரியார்கள் கேட்கச் சொல்லிப் படித்துக் காட்டினார்கள், வணிகர் சங்கம் அச்சடித்துக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் சிறைக்கு ஒரு வரி இல்லை. கிறிஸ்துமஸுக்குச் சிறைக்குக் கேக் கொண்டுபோகிறோம், கைதிகள் பாட்டுப் பாடக் கேட்டுவிட்டு வருகிறோம். அது அன்பில்லாத செயல் என்று சொல்ல மாட்டேன். கேக்கோடு நின்றுவிட்டோம் என்பதுதான் குறை. பசித்தவருக்குச் சோறு கொடுப்பதை அறமாகக் கொண்ட ஊர் இது, அய்யாவழிப் பதிகளில் நடக்கும் அன்னதானத்தைப் பார்த்தாலே தெரியும். சிறையில் இருப்பவருக்கும் நாம் தர நினைத்தது சோறுதான். அவருக்கு அரசைப் பற்றி ஒரு கருத்து இருக்கும், அதைச் சொல்ல அவருக்கும் ஒரு வழி வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அரசைப் பற்றி அவரைவிட அதிகம் சொல்வதற்கு உள்ளவர் யார்? போலீஸ் ஸ்டேஷன் எப்படி இருக்கிறது, கோர்ட்டில் வாய்தா எத்தனை முறை தள்ளிப்போகிறது, அரசு ஆஸ்பத்திரி கைதி வார்டில் என்ன நடக்கிறது, மனு பார்க்க வரும் மனைவியை எப்படி நடத்துகிறார்கள் என்பதெல்லாம் அன்றாடம் அனுபவிப்பவர் அவர். அந்த அனுபவத்துக்கு ஓட்டு இல்லாததால், நம் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் எந்த வேட்பாளரும் சிறையைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே வரவில்லை. நாமும் அவர்களைப் பேச வைக்கவில்லை.

பத்திரிகைகளில் எழுதுகிற நம் பங்கு இன்னும் மோசம். பிடிபட்டவன் படத்தோடு செய்தி வரும், அப்பன் பெயர், தெரு, வயது எல்லாம் வரும். அவன் விடுதலையானால் வராது. ஊரே அவனைத் தீர்ப்புக்கு முன்பே தண்டித்துவிட்டது. அப்படித் தண்டித்துவிட்ட மனத்துக்கு, அவன் ஓட்டுப் போடவில்லை என்பது ஒரு இழப்பாகவே தெரியாது.

இந்த மாவட்டத்தில் யாரும் எந்த நேரமும் குற்றம் சாட்டப்பட்டவர் ஆகலாம் என்பதை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். 2017 டிசம்பரில் ஒக்கியில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி மீனவக் குடும்பங்கள் குழித்துறையில் ரயிலை மறித்தன. நியாயமான அந்தக் கோபத்துக்கும் ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குப் பதிவானது. ‘மற்றும் பலர்’ என்று முடியும் எஃப்.ஐ.ஆரில் யாருடைய பெயரையும் பிறகு சேர்க்கலாம். அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவர் தேர்தல் வாரத்தில் ரிமாண்ட் ஆனால் அவருடைய ஓட்டு போய்விடும். இதற்குத் தீர்ப்பு ஒன்றும் தேவையில்லை.

சிறையில் ஓட்டுப்பதிவு நடத்துவது கஷ்டம் என்பது பழைய வாதம். 1997-இல் அனுகுல் சந்திர பிரதான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உட்பிரிவை ஏற்றுக்கொண்டபோது சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. அத்தனை பேருக்கும் போலீஸும் பாதுகாப்பும் ஏற்பாடு செய்ய வசதி போதாது என்றது. குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தல் களத்திலிருந்து தள்ளிவைக்க வேண்டும், சொந்த நடத்தையால் சிறைக்கு வந்தவர் வெளியே இருப்பவரோடு சமமான சுதந்திரம் கோர முடியாது என்றும் சொன்னது. 2020-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதே வழியில், ஓட்டு என்பது சட்டம் தரும் உரிமைதான், அடிப்படை உரிமை இல்லை என்று ஒரு மனுவைத் தள்ளியது.

நீதிபதிகளின் காரணங்களை மரியாதையோடு படித்தேன். வசதி போதாது என்பது 1997-இல் ஒருவேளை பொருந்தியிருக்கலாம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் 85 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வாக்குச்சீட்டைக் கொண்டுபோனார்கள். நம் தெருக்களுக்கும் அந்த அதிகாரிகள் வந்தார்கள், நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டிலில் உட்கார்ந்தபடி ஓட்டுப் போட்டார்கள். குஜராத்தின் கிர் காட்டில் பானேஜ் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகச் சாவடி அமைத்தார்கள். அதைப் படித்து நாம் பெருமைப்பட்டோம். ஒருவரைத் தேடிக் காட்டுக்குள் போக முடிந்த ஆணையத்துக்கு, எல்லோரும் ஒரே மதிலுக்குள் இருக்கும் இடத்துக்குப் போக முடியாதா? ஆள் எண்ணிக்கை தினமும் எடுக்கும் இடம் அது. ஆள்மாறாட்டத்துக்கு அங்கே வழியே இல்லை. குண்டாஸ் கைதிக்கு இருக்கும் தபால் ஓட்டு ஏற்பாட்டையே ரிமாண்ட் கைதிக்கும் நீட்டினால் போதும். சிறைக்குள் பெரிய கைகள் மிரட்டி ஓட்டு வாங்கிவிடும் என்ற கவலையில் உண்மை உண்டு. அதற்கு மறைவான தடுப்பு, வெளி அதிகாரிகள், வேட்பாளரின் முகவர்கள் என்று வெளியே செய்வதையே உள்ளேயும் செய்ய வேண்டும். வெளியே பணம் கொடுத்து ஓட்டு வாங்குகிறார்கள் என்பதற்காக யாரும் தெருவுக்கே ஓட்டு வேண்டாம் என்று சொன்னதில்லை.

சட்டத்தை நாடாளுமன்றம் மாற்ற வேண்டும், நம்மால் என்ன ஆகும் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2013-இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலை 10-இல் உச்ச நீதிமன்றம், சிறையில் இருப்பதால் ஓட்டுப் போட முடியாதவர் தேர்தலில் போட்டியிடவும் முடியாது என்று தீர்ப்பளித்தது. கட்சிகள் பதறின. இரண்டு மாதத்துக்குள், செப்டம்பரிலேயே, இரு அவைகளும் சட்டத்தைத் திருத்திவிட்டன. திருத்தியது இதே 62(5)-ஐ. சிறையில் இருந்தாலும் ஒருவருடைய பெயர் வாக்காளர் பட்டியலில் நீடிக்கும் என்று ஒரு வரியைச் சேர்த்து, சிறையிலிருந்தபடி போட்டியிடும் உரிமையை மீட்டார்கள். 2024-இல் திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த இன்ஜினியர் ரஷீத், பாராமுல்லாவில் உமர் அப்துல்லாவை இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் வென்று எம்.பி. ஆனார். அவர் தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ள முடியவில்லை. அந்த உட்பிரிவைத் திறந்து, வேட்பாளருக்கு வேண்டியதை எழுதிவிட்டு, வாக்காளரை அப்படியே விட்டு மூடிய நாளில் நம் தொகுதிக்கும் ஒரு எம்.பி. அந்த அவையில் இருந்தார். நாம் அவருக்கு ஒரு கடிதம் போடவில்லை. 2025 அக்டோபரில் விசாரணைக் கைதிகளுக்கு ஓட்டுரிமை கேட்டு வந்த ஒரு பொதுநல மனுவின்மேல் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் நோட்டீஸ் அனுப்பியது. அதைப் போட்டவரும் பஞ்சாப் பக்கத்துக்காரர்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக, நூற்றுக்கு 91-க்கு மேல் எழுத்தறிவு பெற்ற மாவட்டத்திலிருந்து அப்படி ஒரு மனு போகவில்லை.

அந்த 2013 திருத்தம் சிறையில் இருப்பவரின் பெயரைப் பட்டியலில் காக்கிறது. அதையாவது நாம் காத்தோமா? 2025 நவம்பரில் தீவிர வாக்காளர் பட்டியல் திருத்தம் தொடங்கியபோது வீடு வீடாகப் படிவம் வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நிரப்பிக் கொடுத்தோம், வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காக அப்பாக்கள் அலைந்தார்கள். டிசம்பர் 19-இல் வரைவுப் பட்டியல் வந்தபோது மாநிலத்தில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இல்லை. குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம் என்ற வசதி இருந்தது. சம்பாதிக்கிறவன் உள்ளே போனபின் வாடகை கொடுக்க முடியாமல் வீட்டைப் பூட்டித் தாய்வீட்டுக்குப் போன மனைவியிடம் யார் போய்ச் சொன்னார்கள்? கதவு பூட்டியிருந்த வீட்டை ‘இடம் மாறியவர்’ என்று குறித்துக்கொண்டு போனபோது, அவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்த தெருவே வாயைத் திறக்கவில்லை. அந்தத் தெருவில் நாமும் இருந்தோம்.

இதைவிடப் பெரிய புறக்கணிப்பு ஒன்று உண்டு. அதற்குச் சட்டத்தையும் குறை சொல்ல முடியாது. ‘ஜெயிலுக்குப் போனவனுக்கு ஓட்டு இல்லை’ என்று நம் ஊரில் நிலவும் நம்பிக்கை. தண்டனை முடித்து வந்தவர்கள் பலர் அதை நம்பி, தேர்தல் நாளில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் விடுதலையான பிறகும் ஓட்டு எளிதில் திரும்பி வருவதில்லை. இந்தியாவில் மதிலைத் தாண்டி வெளியே வந்த அன்றே ஓட்டு திரும்பிவிடுகிறது. ஓட்டுக்கு லஞ்சம், ஆள்மாறாட்டம் போன்ற சில தேர்தல் குற்றங்களில் தண்டிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் ஆறாண்டுத் தடை உண்டு. கொலை வழக்கில் பத்தாண்டு இருந்து வந்தவருக்கும் ஓட்டு உண்டு. இதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. நமக்கே தெரியாது என்பது ஒரு காரணம். தெரிந்தவர்களும் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், அவர் ஓட்டுச்சாவடி வரிசையில் நமக்கு முன்னால் நிற்பதை நாம் விரும்பவில்லை.

இன்னும் தண்டனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் ஓட்டு வேண்டுமா? வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆனால் இதைச் சொல்லும்போது, மகனைக் கொலையில் பறிகொடுத்த ஒரு தாய் எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டுதான் சொல்ல முடிகிறது. அவர் ‘என் பிள்ளைக்கு ஓட்டு இல்லையே’ என்று கேட்டால் அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆயினும் கொன்றவனுக்கு நீதிமன்றம் விதித்தது சிறை. ஓட்டைப் பறிக்கச் சொல்லி எந்த நீதிபதியும் தீர்ப்பில் எழுதவில்லை. நிறவெறியிலிருந்து மீண்ட தென்னாப்பிரிக்காவில் 1999-இலேயே அரசமைப்பு நீதிமன்றம், கைதிகளும் குடிமக்கள், அவர்களுக்கும் ஓட்டுப் போட வழி செய்யுங்கள் என்று ஆணையிட்டது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2002-இல் அதே முடிவுக்கு வந்தது. அந்த நாடுகளில் கொலைக்குப் பிள்ளையைக் கொடுத்த தாய்மார் இல்லாமலா இருந்தார்கள்? இதை நம் ஊரில் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசியிருக்கலாம். வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால்கூட அது ஒரு முடிவு. நாம் பேசவே இல்லை.

விசாரணைக் கைதிகளைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் ஏதும் இல்லை. அடுத்த முறை வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 62(5)-இல் தடுப்புக் காவலுக்கு இருக்கும் விலக்கை விசாரணைக் கைதிக்கும் நீட்ட அவையில் பேசுவீர்களா? அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் கேட்க வேண்டும். அதற்கு முன்பே, நாளைக்கே செய்யக்கூடியவையும் இருக்கின்றன. நாகர்கோவில் கோர்ட்டில் வக்கீலாக இருப்பவர்கள், ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்களின் பட்டியலைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்டு வாங்கலாம். கரம் தீர்த்த ரசீது வைத்திருக்கிறவர்கள், தெரிந்த பையன் ஒருவனுக்காகவாவது போய் நிற்கலாம். சிறைக்குக் கேக்கும் பிரியாணியும் கொண்டுபோகும் சபைகளும் கமிட்டிகளும், விடுதலை ஆகப்போகிறவர்களுக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐயும் கொண்டுபோகலாம். வீட்டைக் காலி செய்து போன குடும்பங்களைத் தேடிப் போய், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லலாம். படிவம் 6-ஐ ஆண்டு முழுவதும் கொடுக்கலாம். தேர்தல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.